கடல்மல்லையில் ஒரு நாள் தங்கல்

தலயாத்திரை என்றவுடன் நடத்தலும் விரைதலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், தங்குதலும் யாத்திரைக்கு இன்றியமையாத ஓர் உறுப்பாகும். பெருவழிகளில் சாவடியும் சத்திரமும் அமைத்து, தண்ணீர்ப் பந்தல் வைத்து, சுமைதாங்கிக் கல் நட்டு, வழிநடந்து வருவோரின் களைப்பை ஆற்றுவதை நம் முன்னோர் பேரறங்களுள் ஒன்றாகப் போற்றினர். கால் ஓய்ந்தால்தான் கண் நின்று பார்க்கும். கண் நின்று பார்த்தால்தான் உள்ளம் சிந்திக்கத் தொடங்கும். இவ்வுண்மையை அவர்கள் நன்கறிந்திருந்தனர் போலும்.

இந்நாளில் வழிநடை எளிதாகிவிட்டது. வைகறையில் வண்டியேறி, பகலுக்குள் மூன்று தலங்களைப் பார்த்து, இருட்டுமுன் வீடு திரும்பிவிட இயல்கிறது. பார்த்த ஊர்கள் எத்தனை என்று கேட்டால் உடனே விடை வருகிறது. அங்கே கண்டது யாது என்று கேட்டால் பலருக்கு விடை வருவதில்லை. ஆதலின், ஓர் ஊரில் ஒரு நாள் முழுதும் விரைவின்றித் தங்கும் பழைய வழக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அதற்கு எடுத்துக்காட்டாகக் கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரத்தைத் தேர்ந்துகொண்டோம். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள இவ்வூர் இன்று உலகத்தார் அனைவரும் வந்து காணும் ஊராகிவிட்டது. ஆனால் நாம் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதுவன்று. எல்லாம் வல்ல பெருமான், நடந்து களைத்த வழிப்போக்கனைப் போல, வெறுந்தரையில் படுத்திருக்கும் ஊர் இது என்பதே காரணம்.

ஊரும் பேரும்

மாமல்லன் என்பது காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் விருதுப் பெயர். ஏறத்தாழ கி.பி. 630 முதல் 668 வரை அரசு புரிந்த இவனே, சளுக்கியரின் தலைநகராகிய வாதாபியை வென்றவன். அவன் பெயரால் ஊர் மாமல்லபுரம் எனப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மாவலி மன்னனோடு தொடர்புபடுத்தி மகாபலிபுரம் என்றும் பிற்காலத்தில் வழங்கினர். ஆழ்வார்கள் கடல்மல்லை என்றே பாடினர். கடல்வழி வந்த ஐரோப்பியர், ஏழு கோயில்கள் உள்ள ஊர் என்ற பொருளில் ஒரு பெயர் இட்டு அழைத்தனர்.

இவ்வூர் பல்லவர் காலத்தில் துறைமுகப் பட்டினமாக விளங்கியது. திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியில் இத்தலத்தை இரண்டு பதிகங்களால் பாடியுள்ளார். அவற்றில் பொருள்கள் நிறைந்த மரக்கலங்கள் இக்கரையில் ஒதுங்கி நிற்கும் காட்சியும் இடம்பெறுகிறது. இலங்கையின் அரசுரிமையை இழந்த மானவர்மன் என்னும் இளவரசன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, பல்லவர் படைத்துணையுடன் கடல் கடந்து சென்று தன் அரியணையை மீட்டான் என்று மகாவம்சம் கூறுகின்றது. அப்படைகள் கலமேறிய துறை இதுவே என்று வரலாற்றறிஞர் பலர் கருதுவர். எனவே, வருவோரும் போவோரும் தங்குவோருமாகத் தொடக்க முதலே இது வழிப்போக்கர்களின் ஊராக இருந்தது எனலாம்.

தரையில் துயின்ற பெருமான்

108 திருப்பதிகளுள் ஒன்றாகிய தலசயனம் இவ்வூரின் நடுவே உள்ளது. இன்றுள்ள கோயிற் கட்டடம் விஜயநகர மன்னர் காலத்தைச் சேர்ந்தது. மூலவர் தலசயனப் பெருமாள். தாயார் நிலமங்கைத் தாயார். உற்சவ மூர்த்திக்கு உலகுய்ய நின்றான் என்பது திருநாமம். பள்ளிகொண்ட கோலங்களை நாம் பல தலங்களில் கண்டிருக்கிறோம். அங்கெல்லாம் பெருமானுக்குப் பாம்பணை உண்டு. இங்கோ அணை இல்லை. தலம் என்ற சொல் தரையையும் குறிக்கும். தரையே பெருமானுக்குப் படுக்கை.

இதற்குத் தலவரலாறு ஒரு காரணம் கூறுகின்றது. புண்டரீக முனிவர் என்பார் ஆயிரம் தாமரை மலர்களைப் பறித்து, பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடியில் இட விரும்பினார். வழியை மறித்து நின்றது இந்த உப்புக் கடல். முனிவர் மனந்தளரவில்லை. கடல்நீரைக் கையால் இறைத்து வற்றச் செய்து வழி காண முற்பட்டார். இரவும் பகலும் இறைத்தார். அப்போது ஒரு முதியவர் வந்து, தமக்குப் பசிக்கிறது, உணவு வேண்டும் என்றார். கடலை இறைக்கும் பணி நடுவில் நிற்குமே என்று முனிவர் தயங்கினார். அப்பணியைத் தாம் பார்த்துக்கொள்வதாக முதியவர் கூறினார். முனிவர் உணவு தேடிச் சென்று மீண்டபோது, முதியவரைக் காணவில்லை. அவர் கொணர்ந்த மலர்களை ஏற்றுக்கொண்டு, பெருமான் தரையிலே பள்ளிகொண்டிருந்தார்.

இக்கதையின் கருத்தை ஊன்றி நோக்க வேண்டும். முனிவர் கடலைக் கடந்து சென்று கண்டாரில்லை. பசித்து வந்தவருக்கு உணவளிக்க வேண்டித் தம் பெருமுயற்சியை நிறுத்தியபோதே கண்டார். தேடிச் சென்றவன் நின்ற இடத்திற்குத் தேடப்பட்ட பொருள் தானே வந்துவிட்டது. பாம்பணையைக் கொணரவும் நேரமின்றி அடியவனுக்காக விரைந்து வந்தான் என்று அடியார்கள் உருகுவர். அடியவன் களைத்து நின்ற தரையையே தனக்கும் படுக்கையாகக் கொண்டான் என்று நாம் கூறினும் பிழையாகாது. நடைவழியில் மண்ணில் துண்டை விரித்துப் படுக்கும் ஏழை யாத்திரிகனுக்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறு யாது உளது?

இடைகழியில் ஓர் இரவு

முதலாழ்வார் மூவருள் இரண்டாமவராகிய பூதத்தாழ்வார் இவ்வூரினர். ஐப்பசித் திங்கள் அவிட்ட நாளில் இங்கே ஒரு மலரில் தோன்றினார் என்பர். இரண்டாந் திருவந்தாதி அவர் அருளியது. இவர் வரலாற்றின் உயர்ந்த நிகழ்ச்சியும் ஒரு வழிப்போக்கனின் தங்கலைப் பற்றியதே என்பது சிந்திக்கத்தக்கது.

திருக்கோவலூரில் ஒரு நாள் இரவு. பெருமழை. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். அங்கே நனைந்து வந்த பூதத்தாழ்வார் இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று கூறிப் பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அவ்விருளில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர். பொய்கையார் புறவிளக்கும் பூதத்தார் அன்பாகிய அகவிளக்கும் ஏற்ற, பேயார் பெருமானைக் கண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அது எங்கே நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? கருவறையில் அன்று, பெரிய மண்டபத்திலும் அன்று. மழைக்கு ஒதுங்கிய ஓர் ஒடுங்கிய இடைகழியில் நடந்தது. படுத்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்ததால் நடந்தது. தன் ஓய்வில் பாதியைப் பிறனுக்கு அளித்தவனின் அருகே ஆண்டவன் வந்து நிற்கிறான் என்பதே இதன் சாரம். கடல்மல்லைக்குச் செல்லும் அன்பர் பூதத்தாழ்வாரின் சந்நிதியில் நிற்கும்போது இதனை நினைத்தல் வேண்டும்.

தண்டி கண்ட கை

கல்வி கேள்விகளில் வல்லோரும் இவ்வூருக்கு வந்து தங்கிச் சென்றனர். வடமொழிப் பெரும்புலவராகிய தண்டி, பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர். அவருடைய அவந்திசுந்தரி கதை என்னும் நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு செய்தி காணப்படுகின்றது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் பள்ளிகொண்ட திருமால் படிமம் ஒன்றின் கை உடைந்திருந்தது. அதனை ஒரு சிற்பி செப்பனிட்டான். தன் வேலைப்பாட்டைக் கண்டு மதிப்புரைக்குமாறு அவன் தண்டியை அழைத்தான். தண்டி நண்பருடன் காஞ்சியினின்றும் புறப்பட்டு இவ்வூர் வந்து பார்த்தார். ஒட்டு எங்கே உள்ளது என்று அறிய இயலாதவாறு கை பொருந்தியிருந்தது. அவர்கள் பார்த்து நிற்கையில், அலையில் மிதந்து வந்த ஒரு தாமரை திருமாலின் திருவடியைத் தீண்டி ஒரு வித்தியாதரனாக மாறிற்று என்று நூல் மேலே செல்கின்றது.

தாமரை மாறிய செய்தி கவியின் கற்பனை. அதனை அவ்வாறே சுவைக்கலாம். ஆனால் கை செப்பனிடப்பட்ட செய்தி வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவது. கடற்கரைக் கோயிலில், இரு சிவன் கோயில்களுக்கு இடையே, இயற்கைப் பாறையிலேயே செதுக்கப்பட்ட பள்ளிகொண்ட திருமால் இன்றும் உள்ளார். தண்டி கண்டது இவரையே என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறாயின், இன்றைக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஒரு திருப்பணி நடந்துள்ளது. ஒட்டுத் தெரியாமல் செப்பனிடுவதே சிறந்த திருப்பணி என்ற கொள்கையும் அன்றே இருந்திருக்கிறது. தன் பெயரை வெட்டி வைக்காமல், தன் வேலை தெரியாமல் போவதையே பெருமையாகக் கொண்ட அந்தச் சிற்பி, திருப்பணி செய்வோர் அனைவருக்கும் வழிகாட்டியாவான். புதிய கட்டடம் எழுப்புவது எளிது. பழையதைப் பழையதாகவே வைத்துக் காப்பதுதான் அரிது. குடமுழுக்கு விழாக்களின்போது நாம் மறவாமல் நினைக்க வேண்டிய செய்தி இது.

கதிரவன் காட்டும் வழி

இனி, இவ்வூரில் ஒரு நாள் தங்குவோர் எவ்வாறு பொழுதைக் கழிக்கலாம் என்று பார்ப்போம். அதற்கு வழிகாட்டி வேறு யாரும் வேண்டுவதில்லை, கதிரவனே போதும். கல்லில் செய்த புடைப்புருவங்களுக்கு உயிர் தருவது ஒளியும் நிழலுமே. அவ்வொளி ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு பொழுதில் வருகின்றது. அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்து மீள்பவர் பாதிச் சிற்பங்களை உரிய ஒளியில் காணாமலே செல்கின்றனர்.

வைகறையில் கடற்கரைக் கோயில். இது இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பெரிய விமானம் ஏறத்தாழ 60 அடி உயரம். பெரிய சிவன் கோயில் கிழக்கே கடலை நோக்கியது, சிறியது மேற்கே ஊரை நோக்கியது, இடையே திருமால். முற்கூறிய இரண்டும் மன்னனின் விருதுப் பெயர்களால் சத்திரியசிம்ம பல்லவேச்சுரம், இராசசிம்ம பல்லவேச்சுரம் எனப்பட்டன. சோழர் காலத்தில் இவ்விடம் சலசயனம் என வழங்கிற்று. நீரருகே துயின்றவர் ஒருவர், தரையில் துயின்றவர் ஒருவர் என ஓரூரிலேயே இருவர். சிவனும் திருமாலும் ஒரே மதிலுக்குள் ஓருயிர்போல் உறையும் இக்காட்சி காலை வெயிலில் பொன்னிறம் பெறுகின்றது.

காலை ஏறிய பின்னர், கிழக்கு நோக்கிய பெரும் பாறைச் சிற்பம். ஏறத்தாழ 90 அடி நீளமும் 30 அடிக்கு மேல் உயரமும் கொண்ட இதனை அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் சிலர். நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் நீந்துகின்றனர். பாறையின் உச்சியில் நீர் தேக்கிய அமைப்பின் அடையாளம் உள்ளமையால், இப்பிளவின் வழியே நீர் விழச் செய்தனர் என்று கருதப்படுகின்றது. ஒற்றைக் காலில் நிற்கும் தவசி, வரம் தரும் சிவபெருமான், கன்றுகளோடு வரும் யானைகள், பின்காலால் மூக்கைச் சொறியும் மான் ஆகிய அனைத்தும் ஒரே பாறையில். கீழே ஒரு பூனையும் இரு முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கின்றது. எலிகள் அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கின்றன. மெய்த்தவத்தைப் பாடிய சிற்பியே பொய்த்தவத்தையும் பக்கத்தில் வைத்துச் சிரித்திருக்கிறான். அருகே உள்ள கிருட்டிண மண்டபத்தில், பெருமான் மலையைத் தாங்கி நிற்க, அதன் கீழே ஓர் ஆயன் அமைதியாகப் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகின்றது. மேலே இடியும் மழையும் இருந்தாலும், காப்பவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையுள்ளவன் தன் அன்றாடத் தொழிலை விடுவதில்லை. இதுவும் ஓர் ஓய்வே, உள்ளத்தின் ஓய்வு.

நண்பகலில் வெயில் கடுமையாகும். அப்போது குன்றின் குடைவரைகள் நிழல் தரும். மாலையில், ஊரின் தென்புறத்தே ஐந்து இரதங்கள். அவற்றுள் பெரும்பாலானவை மேற்கு நோக்கியவை. சாயும் வெயில் அவற்றின் முகத்தில் படிகின்றது. பாண்டவர் பெயர்களும் திரௌபதியின் பெயரும் பிற்காலத்தார் இட்டவை. பாண்டவருக்கும் இக்கோயில்களுக்கும் தொடர்பில்லை. தருமராச இரதம் எனப்படுவது அத்யந்தகாம பல்லவேச்சுரம் என்று கல்வெட்டில் குறிக்கப்பெற்ற சிவன் கோயில். பொழுது சாய்ந்த பின் தலசயனத்தில் விளக்கேறும் நேரம். இவ்வாறு கடலில் தொடங்கி, கல்லைக் கடந்து, விளக்கில் முடிவதே கடல்மல்லையின் ஒரு நாள்.

எதிரெதிர்ச் சுவர்கள்

குடைவரைகளுள் மகிடாசுரமர்த்தினி குகையைத் தனியே கூறாமல் விடலாகாது. இதன் நடுக் கருவறையில் சோமாஸ்கந்த வடிவம். ஒரு பக்கச் சுவரில் எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மேல் அமர்ந்த கொற்றவை, எருமைத் தலை கொண்ட அசுரனை எதிர்க்கிறாள். அவன் கதையைப் பற்றியவாறு பின்வாங்கிச் சாய்கிறான். கணங்கள் பாய்கின்றன, அசுரர் வீழ்கின்றனர். அச்சுவர் முழுவதும் இயக்கம். எதிர்ச்சுவரில், அனந்தன்மேல் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். காலடியில் மது, கைடபர் என்னும் இருவர் தாக்க முனைந்து நிற்கின்றனர். அவரோ அசையவில்லை. அச்சுவர் முழுவதும் அமைதி.

போரும் துயிலும் ஏன் எதிரெதிரே வைக்கப்பட்டன? சிற்பி விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆனால் இரண்டிற்கும் நடுவே சிறிது நேரம் அமர்ந்தவருக்கு ஒன்று புலப்படும். இரண்டு சுவர்களிலும் தீமை தோற்கின்றது. ஓரிடத்தில் செயலால் தோற்கின்றது. மற்றோரிடத்தில் அசையாத அறிவால் தோற்கின்றது. பெருமானின் உறக்கத்தை நம் தமிழ் அறிதுயில் என்று கூறும். யாவற்றையும் அறிந்துகொண்டே துயிலும் துயில் அது. அறிவு மங்கிய உறக்கம் சோம்பல். அறிவு விழித்திருக்கும் ஓய்வு அறிதுயில். யாத்திரிகனின் ஓய்வு நாளும் இவ்வகையினதாக இருத்தல் வேண்டும். உடல் படுத்திருக்கலாம், கண் விழித்திருக்க வேண்டும்.

அத்தகைய ஓய்வு வீண்போவதில்லை என்பதற்கு நம் காலத்திற்கு அண்மையில் ஒரு சான்று உண்டு. பேராசிரியர் கல்கி, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் இவ்வூர்க் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு பொழுதில்தான் ‘சிவகாமியின் சபதம்’ என்னும் நாவலின் கற்பனை தம் உள்ளத்தில் எழுந்தது என்று கூறியுள்ளார். அது 1944-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிற்று. மணலில் சும்மா அமர்ந்திருந்த ஒரு மாலையின் விளைவாக மாமல்லனும் மகேந்திரனும் தமிழர் வீடுதோறும் புகுந்தனர்.

நின்றுபோன உளி

இவ்வூரைச் சுற்றி வரும்போது முற்றுப்பெறாத வேலைகள் பல கண்ணிற் படும். இரதங்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. ஆதலின் சிகரம் முடிந்திருக்க, அடிப்பகுதி கரடாக நிற்பதைக் காணலாம். சில குடைவரைகளில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பள்ளம் கீறி, இடையே நின்ற கல்லைத் தட்டி எடுத்த முறை அப்படியே தெரிகின்றது. பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள். நேற்று மாலை உளியைக் கீழே வைத்துச் சென்ற தச்சன் நாளைக் காலை வருவான் போன்ற தோற்றம். ஆனால் அவன் வரவில்லை. அரசன் மறைந்தானோ, போர் வந்ததோ என்று பலவாறு ஊகிக்கின்றனர். இவை அனைத்தையும் யார் எடுப்பித்தார் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. மகேந்திரன் மகன் மாமல்லன் தொடங்க, பின்வந்தோர் தொடர்ந்தனர் என்பது நெடுங்காலக் கொள்கை. அனைத்தும் இராசசிம்மன் ஒருவனே செய்தவை என்று தொல்லியலறிஞர் இரா. நாகசாமி 1962-இல் எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை.

உளியின் ஒலி மட்டும் ஊரைவிட்டு நீங்கவில்லை. 1957-இல் இங்கு அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அதனை நெடுங்காலம் நடத்திய வை. கணபதி ஸ்தபதியே, 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையை ஆக்கியவர். தமிழ்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் எழும் கோயில்களுக்கு இவ்வூர்ச் சிற்பியர் இன்றும் மூர்த்தங்கள் செய்து அனுப்புகின்றனர். பல்லவத் தச்சன் நிறுத்திய வேலையை அவன் வழியினர் வேறு கற்களில் தொடர்ந்து செய்து வருகின்றனர் என்றே கொள்ளலாம்.

கடல் காட்டியது

1788-இல் வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவ்வூரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கடலுக்குள் கோயில்கள் மூழ்கியுள்ளன என்றும், காலை வெயிலில் அவற்றின் செப்புக் கலசங்கள் மின்னியதை முதியோர் கண்டனர் என்றும் ஊரார் கூறியதை அவர் அதில் குறித்தார். நெடுநாள் இது கட்டுக்கதை என்றே கருதப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. அது கரையோரத்து மக்களுக்குப் பெருந்துயர் விளைத்தது. அலை மணலை அரித்துச் சென்ற இடங்களில் பழைய சிற்பப் பாறைகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டில் தொல்லியல் துறையினர் கடலடியிலும் ஆராய்ந்து கட்டட எச்சங்களைக் கண்டனர். வடக்கே சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டுக்களைக் கொண்டு அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயில் தோன்றிற்று. பல்லவர் காலக் கருங்கற் பகுதியின் கீழே, அதனினும் பழைய செங்கற் கோயில் இருந்தது. கல்லில் செய்த வேல் ஒன்றும் அங்கே உள்ளது. செப்புக் கலசங்களைக் கண்டார் யாருமில்லை. ஆயினும், ஊரார் வாய்மொழியை முற்றும் பொய்யென்று தள்ளலாகாது என்பதைக் கடலே உணர்த்திற்று.

விளக்கு எரியாத கோயில்கள்

இறுதியாக, இவ்வூரில் தங்கும் அடியவர் உள்ளத்தில் எழும் ஒரு வினாவைக் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. தலசயனத்தில் நாள்தோறும் வழிபாடு நடைபெறுகின்றது. ஆதிவராகர் குகையிலும் வழிபாடு உண்டு. ஆனால் கடற்கரைக் கோயிலிலும் இரதங்களிலும் பிற குகைகளிலும் விளக்கு எரிவதில்லை. 1984-இல் இவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீனக் குடியரசுத் தலைவரும் இங்கே சந்தித்தபோது உலகத்தின் கண் இவற்றின்மேல் பட்டது. பார்க்க வருவோர் தொகை பெருகிற்று. தெய்வ வடிவங்களின்மேல் சாய்ந்து நின்று படம் எடுப்போரும், சுவரில் பெயர் கீறுவோரும் இல்லாமலில்லை. வழிபாடு இல்லாத இடம் கோயிலாகுமா, அன்றி வெறுங் கல்லா என்பதே அவ்வினா.

சிலர், அங்கெல்லாம் மீண்டும் பூசை நடத்த வேண்டும் என்பர். சிலர், எண்ணெயும் புகையும் பட்டால் சிற்பம் கெடும், பார்வைப் பொருளாகவே இருக்கட்டும் என்பர். இரு திறத்தாரும் கூறுவதில் நியாயம் உண்டு. உப்புக் காற்று ஏற்கெனவே அந்த உருவங்களைத் தேய்த்து வருகின்றது. கடலைத் தடுக்கக் கற்களைக் குவித்தும் மரங்களை வளர்த்தும் காத்து வருகின்றனர். அவற்றின்மேல் இனியொரு சுமையை ஏற்றுதல் தகாது. அதே வேளையில், வணங்குவதற்காகவே வடித்த திருவுருவை, வணக்கம் என்னும் எண்ணமே இன்றிப் பார்ப்பதும் அதனை வடித்தவனுக்குச் செய்யும் நன்றியன்று.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதனை இவ்வூருக்கு ஆண்டுதோறும் வரும் எளிய மக்களே காட்டுகின்றனர். மாசி மகத்தை ஒட்டிய முழுநிலா நாளில் வட தமிழ்நாட்டின் பல பகுதிகளினின்றும் இருளர் குடும்பம் குடும்பமாக இக்கடற்கரைக்கு வந்து கூடுகின்றனர். புடவைகளைக் கட்டிக் கூடாரமிட்டு, மணலில் இரவு தங்கி, வைகறையில் கன்னியம்மனை வழிபடுகின்றனர். மணவினைகளும் அங்கே நடைபெறுகின்றன. அவர்கள் எடுப்பது மணலாலான மேடையே. வழிபாடு முடிந்தபின் அலை அதனை அழித்துவிடுகின்றது. அவர்கள் வழிபாட்டால் எந்தக் கல்லுக்கும் ஊறு இல்லை; பக்திக்கும் குறைவில்லை. தெய்வம் இருக்கிறது என்ற உணர்வோடு தங்குவதே அவர்கள் செய்யும் பூசை.

விளக்கு இல்லாத கோயிலுக்குள் நுழையும் நாமும் அவ்வுணர்வையே கொண்டு செல்லலாம். காலணியைப் புறத்தே கழற்றி வைப்பதற்கும், திருவுருவைக் கையால் தீண்டாமல் நிற்பதற்கும், குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கும், நம் குழந்தைகளுக்கு இன்னார் இன்னவர் என்று சொல்லிக் கொடுப்பதற்கும் யாருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. பூதத்தாழ்வார் தம் ஊரினின்றும் நெடுந்தொலைவில், விளக்கே இல்லாத ஓர் இடைகழியில் அன்பையே விளக்காக ஏற்றினார். அவர் பிறந்த ஊரில், எண்ணெயும் திரியும் இல்லாத கோயில்களில் ஏற்றத்தக்க விளக்கும் அதுவே. அதனை ஏற்றுவதற்கு அரை நாள் போதாது. ஒரு நாளேனும் தங்க வேண்டும்.

தரையே அணையாகத் துயிலும் பெருமானின் அறிதுயில் நம் ஓய்வுக்கும் அறிவு தருவதாக. ஒட்டுத் தெரியாமல் கை பொருத்திய சிற்பியின் பணிவு நம் திருப்பணிகளுக்கும் வாய்ப்பதாக.